எங்கள் பள்ளி ஃபோல்டர் மட்டும் கலைந்து கிடப்பது ஏன்

அனுப்புநர்:
இசை ஆசிரியர், தொடக்கப் பள்ளி, மாடியில் கடைசி அறை.

பெறுநர்:
ஒருங்கிணைப்பாளர், இசை மற்றும் அசைவுப் பாடப் பிரிவு, ஆசிரியர் பயிற்சி மையம்.

பொருள்: பொது டிரைவில் எங்கள் பள்ளியின் ஃபோல்டர் மட்டும் திரும்பத் திரும்பக் கலைவதற்கு விளக்கம் அளிப்பது தொடர்பாக.

பெருமதிப்பிற்குரிய ஒருங்கிணைப்பாளர் அவர்களின் மேலான கவனத்துக்கு,

இசை ஆசிரியர் பணிவன்புடன் எழுதிக்கொள்வது. இங்கே பள்ளியில் தலைமையாசிரியையும் பிள்ளைகளும் நலம். கீபோர்டு நலமில்லை, நடுவில் இருக்கும் ஒரு கட்டை, அழுத்தினால் உள்ளேயே தங்கிவிடுகிறது. தங்கள் உடல்நலத்தையும், விடுதி அறையில் மூட வராத அந்த ஜன்னலைச் சரிசெய்து கொடுத்தார்களா என்பதையும் அறிய ஆவல்.

தாங்கள் அனுப்பிய குறிப்பாணை நேற்று கிடைக்கப் பெற்றேன். பல நாட்டுப் பாட்டுகளையும் ஆட்டங்களையும் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் பண்பாட்டுப் பாடங்களை மற்றப் பள்ளிகள் எல்லாம் பொது டிரைவில் அழகாக அடுக்கிவிட்டன என்றும், எங்கள் பள்ளி ஒன்றுதான் தாங்கள் அடுக்க அடுக்கக் கலைகிறது என்றும், அது சரியாகும் வரை தங்களைத் திருப்பி அனுப்ப மையத்துக்கு மனமில்லை, இன்னும் ஓராண்டு அங்கேயே இருக்கச் சொல்கிறார்கள் என்றும், ஆகவே காரணத்தை எழுத்து மூலம் உடனே தெரிவிக்க வேண்டும் என்றும் அதில் கண்டிருக்கிறது. கீழே முழுப் பதவியும் போட்டுக் கையெழுத்து. கல்யாணம் ஆன நாளிலிருந்து இன்று வரை தாங்கள் எனக்கு எழுதிய முதல் கடிதம் இதுதான் என்பதைப் பணிவுடன் சுட்டிக்காட்ட விரும்புகிறேன். கடிதம் எழுதுவதற்கு நாம் பிரிந்து இருந்திருந்தால்தானே! ஒரே வீடு, ஒரே பள்ளி, ஒரே வகுப்பறை. நான் வாசிப்பேன், தாங்கள் பிள்ளைகளை ஆட வைப்பீர்கள். குறிப்பாணையாக இருந்தாலும் பரவாயில்லை என்று அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன்.

இந்த ஒருங்கிணைப்பாளர் வேலைக்கு நாம் இருவருமே விண்ணப்பித்தோம், உங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். எனக்கு அதில் துளியும் மனத்தாங்கல் இல்லை. இருந்திருந்தால் அந்தப் பெட்டியை நான் தூக்கிக்கொண்டு வந்து பேருந்தில் ஏற்றியிருப்பேனா? உள்ளே என்ன கருங்கல்லா வைத்திருந்தீர்கள்? இதையெல்லாம் போனிலேயே சொல்லலாமே என்று உங்களுக்குத் தோன்றலாம். போனில் நாம் பேசுவது எனக்குத் தெரியாதா? "மாத்திரை போட்டீங்களா?" "போட்டேன்." "தண்ணி வந்துச்சா?" "வந்துச்சு." "சரி, வெச்சிடறேன், ரூம்ல ஆள் இருக்கு." இதற்கு மேல் நம் இருவருக்கும் போனில் வாய் வராது. அதனால் எழுத்து மூலம் கேட்டதற்கு நன்றி சொல்லிக்கொண்டு, ஃபோல்டர் கலைந்ததற்கான காரணங்களுக்கு வருகிறேன்.

முதல் காரணம் நம் தலைமையாசிரியை. கம்ப்யூட்டர் என்பது பூட்ட மறந்துபோன பீரோ என்பது அவர் எண்ணம். டிரைவில் எல்லாம் அடுக்கியாயிற்று என்று நான் போய்ச் சொன்ன அன்று, கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, "நாளைக்கு கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சுன்னா பாட்டுக்கு எங்க சார் போறது? எல்லாத்தையும் பிரிண்ட் எடுத்து பீரோல வைங்க" என்றார். "மேடம், இது பாட்டு. காதால கேக்கிறது" என்றேன். "கேக்கிறதையும் எடுங்க" என்றார். அதற்கு மேல் என்ன பேச? பாட்டின் பெயர்களை மட்டுமாவது தாளில் எடுத்துக் கொடுத்துத் தொலைப்போம் என்று உட்கார்ந்தேன். அதற்காக எல்லா ஃபைல்களையும் ஒரே இடத்துக்கு இழுத்துப் போட்டேன். இழுத்ததைத் திருப்பிப் போடும்போது எது எந்த இடத்திலிருந்து வந்தது என்று மண்டை காய்ந்துவிட்டது. தாள் இப்போது பீரோவில் பத்திரமாக இருக்கிறது. பாட்டுகள்தான் நடுத்தெருவில் நிற்கின்றன.

இரண்டாவது காரணம், குறை சொல்வதாக நினைக்க வேண்டாம், தாங்களேதான். ஃபைலுக்குப் பெயர் வைப்பது பற்றி எல்லா ஆசிரியர்களுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பினீர்கள் அல்லவா? 'புதுசு', 'ரொம்பப் புதுசு', 'இதுதான் கடைசி', 'இதுதான் உண்மையான கடைசி' என்றெல்லாம் சிலர் பெயர் வைப்பதாகக் கேள்விப்படுகிறோம், தவிர்க்கவும் என்று எழுதியிருந்தீர்கள். சிலர் என்று பன்மையில் எழுதிய பெருந்தன்மைக்கு நன்றி. முதலில் நாடு, பிறகு வகுப்பு, பிறகு பாட்டு, பிறகு அசைவு என்று பெயர் வைக்கச் சொன்னீர்கள். சரி. தாலாட்டுக்கு நாடு எது? பனி விழும் நாட்டுக்காரரும் மணல் பறக்கும் நாட்டுக்காரரும் ஏறக்குறைய ஒரே மாதிரி இழுத்துத்தான் பிள்ளையைத் தூங்க வைக்கிறார்கள். எந்த ஃபோல்டரில் போட்டாலும் மற்றது கோபித்துக்கொள்ளும் போல இருக்கிறது. நானும் பெயரைக் குழப்பி, எண்ணைக் குழப்பி, கடைசியில் 'இதுதான் உண்மையான கடைசி' என்றே மறுபடியும் வைத்துவிட்டேன்.

அதனால் வந்த வினையைக் கேளுங்கள். கல்வி அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வருகிறார், அறுவடை ஆட்டம் ஆடிக் காட்டுங்கள் என்று தலைமையாசிரியை உத்தரவு. 'இதுதான் உண்மையான கடைசி'யை ஓடவிட்டேன். வந்தது தாலாட்டு. நீங்கள் பழக்கியிருக்கும் பிள்ளைகள் ஆயிற்றே! தாலாட்டு கேட்டால் எப்படித் தரையில் கால் நீட்டிப் படுத்துக் கண்ணை மூட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறீர்களோ, அப்படியே வகுப்பு மொத்தமும் படுத்துவிட்டது. அதிகாரி உள்ளே வரும்போது அறையில் விழித்திருந்தவன் நான் ஒருத்தன்தான். தலைமையாசிரியைக்கு முகம் சிவந்துவிட்டது. "என்ன சார் இது, கிளாசா, ஆஸ்பத்திரியா?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். எனக்கு அசடு வழிந்தது. அதிகாரி மட்டும் ஓரமாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "நிறுத்தாதீங்க சார், இன்னொரு தடவை ஓடட்டும். நான் நிம்மதியா தூங்கி ரொம்ப நாளாச்சு" என்றார். அவர் எழுந்து போகும்வரை பள்ளிக்கூடத்தில் மணிகூட அடிக்கவில்லை.

மூன்றாவது காரணம் உங்களுக்குப் பதிலாக வந்திருக்கும் தற்காலிக ஆசிரியை. பிள்ளைகள் அவருக்கு ஸ்பிரிங் டீச்சர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சும்மா சொல்லக் கூடாது, நல்ல பெண், கெட்டிக்காரி. ஆனால் எந்த நாட்டுப் பாட்டாக இருந்தாலும் குதிப்பார். கல்யாணப் பாட்டுக்கும் குதி, நெசவுப் பாட்டுக்கும் குதி. கீழ்த்தள வகுப்பில் கூரையிலிருந்து சுண்ணாம்பு உதிர்கிறது என்று புகார் வந்திருக்கிறது. "டீச்சர், இது படகுப் பாட்டு. கொஞ்சம் மெதுவா" என்றேன். "படகும் குதிக்கும்தானே சார்?" என்றார்.

அவர் விடுப்பு எடுத்த ஒரு நாள், அசைவு வகுப்பையும் நானே எடுத்துவிடலாம் என்று ஓர் ஆசை வந்தது. நீங்கள் எடுத்து வைத்திருந்த வீடியோவைப் போட்டுப் பார்த்துப் பழகினேன். நீங்கள் பிள்ளைகளைப் பார்த்து நின்றுகொண்டு "வலது" என்று சொல்லிவிட்டு உங்கள் இடது காலைத்தான் எடுத்து வைப்பீர்கள், கண்ணாடியில் பார்ப்பதுபோல அவர்களுக்கு அது வலப்பக்கமாகத் தெரியட்டும் என்று. இத்தனை வருஷமும் கீபோர்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த எனக்கு இது தெரியவே தெரியாது. நான் உங்கள் காலைப் பார்த்தேனா, முகத்தைத்தானே பார்த்துக்கொண்டிருந்தேன். வீடியோவில் நீங்கள் "வலது" என்றதும் நானும் என் வலது காலை வைத்துப் பழகிக்கொண்டேன். பிறகு பிள்ளைகளுக்கு எதிரே போய் நின்று, உங்கள் குரலை ஓடவிட்டு, அதே வலது காலைக் கம்பீரமாக எடுத்து வைத்தேன். குரல் வலது என்கிறது, என் கால் அவர்களுக்கு இடப்பக்கம் போகிறது. காதை நம்பியவர்கள் ஒரு பக்கம், கண்ணை நம்பியவர்கள் இன்னொரு பக்கம். நடுவில் டமால். ஒருவர் நெற்றியில் புடைப்பு, ஒருவர் உதட்டில் கீறல், இரண்டு பேர் இதுதான் சாக்கு என்று பழைய பகையைத் தீர்த்துக்கொண்டார்கள். நான் "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று கத்தினேன். ஒருத்தரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்த நேரம் வீடியோவில் நீ இரண்டு முறை கை தட்டினாய். அத்தனை பேரும் அப்படியே நின்றுவிட்டார்கள். 'நீ' என்று எழுதிவிட்டேன். அடித்தால் அசிங்கமாக இருக்கும், இருக்கட்டும்.

அந்தக் கைதட்டலைப் பற்றித் தனியாக ஒரு புகார் சொல்ல வேண்டும். வகுப்பை நிறுத்தவும் இரண்டு தட்டு, வீட்டில் என்னைக் கூப்பிடவும் இரண்டு தட்டு என்று வைத்திருந்தாய். ஒரு பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கக் கூடாதா? எதிர்வீட்டு மொட்டைமாடியில் யாரோ பாயைத் தட்டுகிறார்கள், நான் அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வந்து நிற்கிறேன். மாடியிலிருந்து அந்தம்மா பார்த்துவிட்டு, "என்ன சார், யாரையாவது எதிர்பார்க்கிறீங்களா?" என்று கேட்கிறார். "இல்லைங்க, காத்து வாங்க வந்தேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே வருகிறேன். அன்றைக்கு வெளியில் இலை அசையவில்லை.

ஃபோல்டருக்கு வருகிறேன். நான்காவது காரணம், ஃபைலுக்குப் பக்கத்தில் குறிப்பு எழுதும் அந்த வசதி. 'இது இங்கே ஏன்?' என்று நீ எழுதுவாய். 'தெரியவில்லை, நீங்களே நகர்த்திவிடுங்கள்' என்று நான் எழுதுவேன். அதுவரை ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு நாள் மத்தியானம், எல்லாப் பள்ளிக்காரர்களும் பார்க்கிற இடம் என்பதை மறந்து, மழைப் பாட்டுக்குப் பக்கத்தில் 'சாப்டீங்களா?' என்று எழுதிவிட்டாய். என் உச்சி குளிர்ந்துபோயிற்று. என்ன எழுதலாம் என்று நான் நிதானமாக யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் ஏதோ ஒரு பள்ளியிலிருந்து 'சாப்பிட்டேன் மேடம்' என்று ஒருவர். 'இப்போதுதான் மேடம்' என்று இன்னொருவர். 'இன்னும் இல்லை மேடம், தேர்வுத்தாள் திருத்துகிறேன்' என்று மூன்றாமவர். 'உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் சார்' என்று அவருக்கு நான்காமவர். நான் தட்டச்சு செய்து முடிக்கும்போது நீ அந்தக் கேள்வியையே நீக்கிவிட்டிருந்தாய். எனக்கு வந்த கேள்விக்கு ஊரே பதில் சொல்லிவிட்டது, எனக்கு மட்டும் வாய்ப்பில்லை. சாப்பிட்டேன் என்பதை இதன் மூலம் அதிகாரபூர்வமாகத் தெரிவித்துக்கொள்கிறேன். நான் ஆக்கியது, அதனால் சாப்பாடு என்று சொல்ல மனம் ஒப்பவில்லை.

அப்புறம், ஒரே மாதிரி இருக்கும் நகல்களை அழித்ததாகச் சொன்னாயே, அதில் ஒன்று நகல் அல்ல. கைதட்டும் பாட்டை நாம் சேர்ந்து பதிவு செய்தபோது நீ நடுவில் தும்மினாய், நான் தாளத்தை விட்டேன், பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள், நீயும் அடக்க முடியாமல் சிரித்தாய். நல்லதாக இன்னொன்று எடுத்துவிட்டோம், இது எதற்கு என்று நீ குப்பையில் போட்டிருக்கிறாய். அதை நான் குப்பைத் தொட்டியிலிருந்து எடுத்து மறுபடியும் உள்ளே வைத்தேன். நீ மறுபடி அழித்தாய். நான் மறுபடி எடுத்தேன். ஒருங்கிணைப்பாளர் என்கிற முறையில் உனக்கு அதில் பிழை தெரியலாம். என் வரையில் இந்த டிரைவில் இருக்கும் பதிவுகளிலேயே சரியாக வந்தது அது ஒன்றுதான். நான் தனியாக வகுப்பு எடுத்துவிட்டு வந்து உட்காரும் நாட்களில் அதைத்தான் கேட்கிறேன்.

படகுப் பாட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அது படகில் போகிறவர்கள் பாடுவது இல்லை, கரையில் நிற்கிறவர்கள் பாடுவது என்று நீ பாடக்குறிப்பில் எழுதியிருக்கிறாய். நான் இவ்வளவு நாளும் துடுப்புப் போடும் வேகத்தில் வாசித்துக்கொண்டிருந்தேன். இப்போது உன் குறிப்பைப் படித்துவிட்டு வேகத்தைக் குறைத்தேன். ஸ்பிரிங் டீச்சரும் அன்றைக்குக் குதிக்கவில்லை, கையை மட்டும் அலைபோல அசைத்தார். முன்வரிசையில் ஒரு சிறுமி கையைத் தூக்கி, "சார், படகுல போனவங்க எப்ப வருவாங்க?" என்று கேட்டாள். "வேலை முடிஞ்சதும் வருவாங்கம்மா" என்றேன். "அவங்களுக்கு இவங்க நிக்கிறது தெரியுமா சார்?" என்றாள். கீபோர்டில் அந்தக் கட்டை மாட்டிக்கொண்டது என்று சொல்லிக் குனிந்துகொண்டேன். எனக்கு நீ இல்லாமல் நன்றாக இல்லை. இது விளக்கக் கடிதத்தில் எழுதக் கூடிய விஷயம் இல்லை என்பது தெரியும்.

ஆகவே, தலைமையாசிரியையின் பீரோ, தங்கள் பெயர் வைக்கும் முறை, ஸ்பிரிங் டீச்சரின் உற்சாகம், குறிப்பு எழுதும் வசதி, இவற்றாலேயே எங்கள் ஃபோல்டர் கலைகிறது என்பதையும், இதில் எனக்கு யாதொரு பங்கும் இல்லை என்பதையும் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். தங்கள் பணிக்காலத்தை இன்னும் ஓராண்டு நீட்டிப்பதில் எனக்கு எவ்வித ஆட்சேபணையும் இல்லை. பெருமையாகத்தான் இருக்கிறது. இங்கே ஒரு குறையும் கிடையாது. வீடு வீடாக இருக்கிறது. இரண்டு பேருக்குப் போடும் தேநீரை ஒருவருக்கு என்று குறைக்க எனக்கு இன்னும் வரவில்லை, அவ்வளவுதான். மீதியை நானே குடித்துவிடுகிறேன். தூக்கம் குறைந்திருக்கிறது, ஒருவேளை தேநீர்தான் காரணமோ என்னவோ.

அங்கே உடன் வேலை செய்கிறவர்களுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். அறையில் உடன் தங்கியிருக்கும் அம்மாவுக்கு என் மரியாதை. நாம் போன் பேசும்போது அவர் கொஞ்சம் வெளியே உலாவப் போனால் அவர் உடம்புக்கும் நல்லது. கால் வலிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கவும், மாடிப்படியில் ஓடி இறங்க வேண்டாம். தாங்கள் எடுத்த காரியம் யாவும் ஜெயமாகி, புகழோடும் நல்ல உடம்போடும் நெடுங்காலம் இருக்க வேண்டும் என்று மனதார வாழ்த்துகிறேன்.

தங்கள் கீழ்ப்படிந்த,
இசை ஆசிரியர்
(உன் வீட்டுக்காரன்)

பி.கு.: அதிகாரி தூங்கியதும் பிள்ளைகள் மோதிக்கொண்டதும் சத்தியமாக நடந்தவை. ஆனால் ஃபோல்டர் கலைந்ததற்கும் அவற்றுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. தலைமையாசிரியையோ ஸ்பிரிங் டீச்சரோ டிரைவில் கை வைத்ததே கிடையாது. கலைத்தது நான். பிரிண்ட் எடுத்த கையோடு எல்லாவற்றையும் நீ சொன்ன மாதிரியே அடுக்கி முடித்துவிட்டேன். அதற்கப்புறம் நீ எங்கள் ஃபோல்டர் பக்கமே வரவில்லை. ஒழுங்காக இருக்கும் இடத்தில் உனக்கு என்ன வேலை? ஒரு நாள் சும்மா ஒரு தாலாட்டைத் தூக்கி அறுவடைக்குள் போட்டுப் பார்த்தேன். மத்தியான இடைவேளையில், திரையின் மேல்மூலையில் உன் பெயரின் முதல் எழுத்தோடு சின்னதாக ஒரு பச்சை வட்டம் வந்தது. நான் பார்க்கப் பார்க்க அந்தத் தாலாட்டு மெல்ல நகர்ந்து தன் இடத்துக்குப் போயிற்று. நீ எதிரே உட்கார்ந்து வேலை செய்வதுபோல இருந்தது எனக்கு. அன்றிலிருந்து தினமும் எதையாவது கலைத்துவிட்டு, அறைக்கதவைச் சாத்திக்கொண்டு, அந்த வட்டத்துக்காக உட்கார்ந்திருக்கிறேன். இதையே காரணமாக வைத்து உன்னை இன்னும் ஒரு வருஷம் அங்கே நிறுத்தி வைப்பார்கள் என்று நேற்று உன் கடிதம் வந்த பிறகுதான் தெரிந்தது. ஆட்சேபணை இல்லை என்று மேலே எழுதியிருப்பது பொய், எனக்கு எல்லா ஆட்சேபணையும் இருக்கிறது. இன்றைக்குப் பள்ளி விட்டதும் ஒன்றுவிடாமல் அதனதன் இடத்தில், நீ சொன்ன பெயர்களோடு வைத்துவிட்டேன். மையத்துக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டு. நாளையிலிருந்து எங்கள் ஃபோல்டருக்குள் நீ வருவதற்கு ஒரு காரணமும் இருக்காது. வீட்டுக்கு வந்துவிடு.